பன்னிரண்டாவது பெயர்

எட்டாங்கட்டைத் தோட்டம்,
ரிங்லெட்.
10.1.1971

மாமாவுக்கு,

நீங்கள் போய் ஏழு வாரமாகிறது. நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு கார்டு போட்டீர்கள். அதில் மொத்தம் நான்கு வரி, அதிலும் இரண்டு வரி விலாசம். இந்த வரிசைவீட்டு லயத்துக்கே பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதிக் கொடுத்த கை, கட்டினவளுக்கு எழுதும்போது மட்டும் சுளுக்கிக்கொண்டதா?

நன்றாக இருக்கிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. லயத்தில் யாரும் என்னோடு பேசுவதில்லை. நீங்கள் இருந்தவரை உங்களோடு பேசாமல் இருந்தார்கள். நீங்கள் பஸ் ஏறிய மறுநாளிலிருந்து அது என் பங்குக்கு வந்துவிட்டது. நான் குடத்தோடு போனால் குழாயடியில் பேச்சு நின்றுவிடும். திட்டுவதில்லை, முறைப்பதில்லை, தண்ணீர் பிடிக்க ஒதுங்கி இடம்கூட விடுகிறார்கள். நான் திரும்பி வந்து கதவைச் சாத்தியதும் மறுபடி பேச்சு தொடங்கும். சுவருக்கு அந்தப் பக்கம் அது எனக்குக் கேட்கும்.

மலையில் இன்னும் மோசம். பனி இறங்கினால் கொழுந்தெடுக்கிறவர்கள் தேயிலை நிரைக்கு நிரை பெயர் சொல்லிக் குரல் கொடுப்பது நம் வழக்கம். "மாரியம்மா ஓய்!" என்றால் "இங்கதான்டி இருக்கேன்!" என்று பதில் வரும். யார் எங்கே நிற்கிறார்கள், யாராவது சரிந்து விழுந்தார்களா என்று அதை வைத்துத்தான் தெரியும். பன்னிரண்டு வயதில் கூடை தூக்கிய நாளிலிருந்து அந்தக் குரல் இல்லாமல் நான் பனியில் நின்றதில்லை. போன வெள்ளிக்கிழமை மூன்று தடவை கூப்பிட்டேன். பக்கத்து நிரையில் கொழுந்து கிள்ளும் சத்தம் நன்றாகக் கேட்கிறது. ஆள் இருக்கிறது, பதில் இல்லை. கூடையைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவர்களுடைய கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. போன ஜூன் மாதம் ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி கேட்டாரென்று நீங்கள் வீடு வீடாகப் போய்ச் சிவப்புக் கார்டுக்காரர்களின் பெயரை எழுதினீர்கள். பிரஜை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும், அதற்குத்தான் என்றீர்கள். காப்பி கலக்கிக் கொடுத்துப் பெயர் சொன்னார்கள். செப்டம்பரில் அந்தப் பதினோரு பேருக்கும் பெர்மிட் இல்லை, வேலையும் இல்லை என்று நோட்டீஸ் வந்தது. இந்த மலையைத் தவிர வேறெதையும் பார்க்காதவர்கள் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். மாரியம்மா அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் பிரஜைக்கான நீலக் கார்டு, அக்கா புருஷன் ராமையா அண்ணனுக்குச் சிவப்பு. அக்கா இங்கே, அவர் அங்கே. உங்களுக்கே தெரியாமல் நடந்தது என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். இப்போது கேட்கக்கூட ஆளில்லை.

ஒன்று மட்டும் மெதுவாகக் கேட்கிறேன். என் கார்டும் சிவப்புதானே. கல்யாணமானதும் எனக்கு நீலம் மாற்றியாயிற்று என்று நீங்கள் பெருமையடித்து வைத்ததால் லயத்தில் யாருக்கும் தெரியாது. ஆனால் நீங்கள் மேசையில் வைத்து எழுதின லிஸ்டில் பன்னிரண்டாவதாக என் பெயர் இருந்ததை நான் பார்த்தேன். நீங்கள் சொல்லிக்கொடுத்த எழுத்துதானே, என் பெயர் எனக்குத் தெரியாதா? எனக்கு மட்டும் ஏன் நோட்டீஸ் வரவில்லை? தபால்காரர் மேட்டில் ஏறுவதைப் பார்த்தாலே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

உங்கள் செல்லம்


குளுவாங், ஜொகூர்.
24.1.1971

அன்புள்ள செல்லத்துக்கு,

10ஆம் தேதியிட்ட உன் கடிதம் 16ஆம் தேதி கிடைத்தது. விவரம் அறிந்தேன். மேற்படி விஷயமாக முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கார்டு, அதன் நிறம், லிஸ்ட் இவற்றைப் பற்றி இனிமேல் கடிதத்தில் எழுதாதே. கடிதம் எத்தனை கை மாறி வருகிறது என்று உனக்குத் தெரியாது.

உனக்கு நோட்டீஸ் வரவில்லையென்றால் விட்டுப்போயிருக்கும். ஆபீஸ் என்றால் ஆயிரம் விட்டுப்போகும். வராததை ஏன் வரவில்லை என்று போய்க் கேட்பவர்கள் உண்டா? யாராவது கேட்டால் நீலம் என்று சொல். கேட்காவிட்டால் வாயைத் திறக்காதே.

பேச்சு வார்த்தை இல்லாததை ஒரு பெரிய குறையாக எழுதியிருக்கிறாய். பேசாவிட்டால் சோறு இறங்காதா? கொஞ்ச நாளில் மறந்துவிடுவார்கள். பக்கத்து வீட்டு மணியம்மா ஒரு வாரம் பேசாமல் இருந்தால் அவளுக்கே நோய் வந்துவிடும், பார்த்துக்கொண்டே இரு.

இங்கே செம்பனைத் தோட்டத்தில் எனக்கு ஸ்டோரில் வேலை. வெயில் தாங்க முடியவில்லை. உன்னை இப்போதைக்குக் கூப்பிட வழியில்லை. புது ஆள் யார் வந்தாலும் கேட்டிலேயே கார்டை வாங்கிப் பார்க்கிறார்கள். அங்கே உன்னைப் பிறந்ததிலிருந்து தெரியும், அதனால் யாரும் பார்ப்பதில்லை. அங்கேயே இருப்பதுதான் உனக்குக் காவல்.

எனக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியும் என்று நான் இங்கே யாரிடமும் சொல்லவில்லை. கருப்பையா என்று ஒருவர், நல்ல மனிதர், ஊர்க் கடிதத்தைக் கொண்டுவந்து படிக்கச் சொன்னார். கண் சரியில்லை என்றேன். பாவம், அதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். உனக்கு எழுதுகிற இந்தக் கடிதத்தையும் ஸ்டோர் கதவைச் சாத்திக்கொண்டுதான் எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நாகப்பன்


எட்டாங்கட்டைத் தோட்டம்,
ரிங்லெட்.
21.2.1971

மாமாவுக்கு,

உங்கள் மேற்படியெல்லாம் வந்து சேர்ந்தது. மணியம்மாவுக்கு நோய் எதுவும் வரவில்லை. நன்றாகத்தான் இருக்கிறாள்.

கொஞ்ச நாளில் மறந்துவிடுவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். மறக்கவில்லை. புதிதாக ஒன்று தொடங்கியிருக்கிறார்கள். என் காதில் விழும்படி யாரும் யாருடைய பெயரையும் சொல்வதில்லை. பனியில் நான் நிற்கிற பக்கத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டுக் கூடையைத் தட்டிக்கொள்கிறார்கள். இந்தப் பக்கம் இரண்டு தட்டு, அந்தப் பக்கம் இரண்டு தட்டு. நான் ஒரு தடவை தட்டிப் பார்த்தேன். எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது.

இதன் அர்த்தம் எனக்கு விளங்கவே இல்லை. போன வாரம்தான் விளங்கியது. மணியம்மா வீட்டுக்கு அவள் தங்கச்சி மகள் வந்திருக்கிறது, நான்கு வயது இருக்கும். வாசலில் விளையாடிக்கொண்டிருந்தது. குழந்தைதானே என்று "உன் பேரு என்னம்மா?" என்று கேட்டேன். மணியம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து அதை இழுத்துக்கொண்டு போனாள். "பேரச் சொல்லாதடி! சொன்னா எழுதிருவாங்க!" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

மாமா, அவர்கள் என்னை வெறுக்கிறார்கள் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வெறுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. என்னைக் கண்டு பயப்படுகிறார்கள். நான் அவர்களைக் கண்டு பயப்படுகிறேன். ஒரு லயத்துக்குள் இப்படி இருந்தால் யார் யாருக்குத் தைரியம் சொல்வது?

எழுதாதே என்று நீங்கள் சொன்னதை இப்போது எழுதப்போகிறேன். நேற்று கொழுந்து நிறுக்கிற இடத்தில் கிரகரி கிராணி உங்களைப் பற்றி விசாரித்தார். அவரைத் தவிர என்னோடு பேச யாரும் இல்லை என்பதால் சந்தோஷமாகத்தான் பதில் சொன்னேன். "நாகப்பன் கையெழுத்து மாதிரி இந்த மலையில யாருக்கும் வராதுலா. மொதல்ல எழுதின லிஸ்ட்ல மை கொட்டிருச்சுன்னு மறுநாள் புதுசா எழுதிக் கொண்டாந்தான். பதினோரு பேரும் முத்து முத்தா இருந்துச்சு" என்றார்.

நம் வீட்டில் மை கொட்டவில்லை. கொட்டியிருந்தால் மேசையைத் துடைத்தவள் நான்தான். பன்னிரண்டு எப்படிப் பதினொன்றாயிற்று?

செல்லம்


குளுவாங், ஜொகூர்.
14.3.1971

செல்லம்,

இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

மை கொட்டவில்லை. பன்னிரண்டு பெயரையும் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் ஆபீசுக்குப் போனேன். கொடுப்பதற்கு முன்னால், பெர்மிட் எப்போது வரும் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். "நாகப்பா, இது குடுக்கறதுக்கா, ஆள நிப்பாட்டறதுக்கான்னு எனக்கே தெரியல. துரை கேக்குறாரு, நான் உங்கிட்டக் கேக்குறேன். நீ குடுக்கலன்னா நான் வூடு வூடா வந்து ஒவ்வொரு கார்டா எடுத்துப் பாக்கணும்" என்றார் கிராணி. நான் கையைப் பையிலிருந்து வெளியே எடுக்கவில்லை. மை கொட்டிவிட்டது, நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நீயே யோசித்துப் பார். கொடுக்காவிட்டால் வீடு வீடாக வருவார்கள், உன் கார்டும் அகப்படும். கொடுத்தால் யாரும் வரமாட்டார்கள். நீ மலையிலிருந்து திரும்புவதற்குள் புது லிஸ்டை எழுதி முடித்தேன். பதினோரு பெயர் எழுதக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. இப்போது நினைத்தால் அதுதான் பயமாக இருக்கிறது.

அவர்களிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். சொன்னால் விஷயம் கிராணி காதுக்குப் போகும். ஒருவேளை நல்லதுக்கே கேட்டிருந்தால், கிடைக்கவிருந்த பெர்மிட்டைக் கெடுத்தவன் என்று என்னைச் சொல்வார்கள். இப்படி எனக்கு நானே நிறையச் சொல்லிக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது ஒன்றுதான். நீ கப்பலேறிவிட்டால் நான் தனியாளாகிவிடுவேன்.

கட்டினவளைக் காப்பாற்றியது குற்றம் என்றால் நான் குற்றவாளிதான். அவர்கள் சொல்லட்டும். நீயும் சொல்வாயா?

நாகப்பன்


எட்டாங்கட்டைத் தோட்டம்,
ரிங்லெட்.
2.5.1971

மாமாவுக்கு,

ஏழு வாரமாக நான் எழுதவில்லை. நீங்கள் இரண்டு கார்டு போட்டும் எழுதவில்லை. உங்கள் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். எரிந்ததே தவிர, ஒரு வார்த்தைகூட மனதைவிட்டுப் போகவில்லை.

நீயும் சொல்வாயா என்று கேட்டீர்கள். தாராளமாகச் சொல்வேன். நீங்கள் தனியாளாகக் கூடாதென்று என்னைத் தனியாளாக்கிவிட்டுப் போய்விட்டீர்கள். பெயரை எடுக்கும்போது என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தினமும் யோசிக்கிறேன். வேண்டாம், எல்லோரோடும் நானும் போகிறேன் என்று சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்க ஆசை. நிச்சயமாகத் தெரியவில்லை. உங்கள்மேல் முழுசாகக் கோபப்படக்கூட முடியவில்லை, அதில் எனக்கு இன்னும் ஆத்திரம்.

போன மாதம் மலையில் விழுந்துவிட்டேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும், பனி மூடி எதிரில் இருக்கிற செடிகூடத் தெரியவில்லை. கால் வழுக்கி நிரைக்குக் கீழே இருக்கிற தண்ணீர்க் கானுக்குள் போய்விட்டேன். ஒரு காலை அசைக்க முடியவில்லை. குரல் கொடுத்தேன். மேலே கூடை தட்டுகிற சத்தம் நின்றது. மறுபடி கொடுத்தேன். பிறகு வேலை முடிந்து எல்லோரும் இறங்கிப் போகிற சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம், யாரோ இருமுகிற சத்தம். கொஞ்ச நேரத்தில் அதுவும் இல்லை. கானில் குளிர்ந்த தண்ணீர் இடுப்புவரை நனைத்துக்கொண்டு ஓடுகிறது.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அப்போது நான் கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன். கூப்பிட்டுப் பதில் வராமல் இருப்பதைவிடக் கூப்பிடாமலே இருப்பது எளிதாக இருந்தது. இப்படியே கிடந்து போய்விட்டால் என் பெயர் எந்த லிஸ்டிலும் வராது, யாருக்கும் தொந்தரவு இல்லை என்று நினைத்தேன். அந்த நினைப்பு வந்ததும்தான் நடுங்கிப் போனேன். அது என் நினைப்பு மாதிரியே இல்லை.

மாரியம்மா அக்காதான் திரும்பி வந்தாள். பாதி வழி போய்விட்டு வந்திருக்கிறாள், கூடையில்லை. கானுக்குள் இறங்கி என் கையைத் தோளில் போட்டுக்கொண்டாள். லயம்வரை ஒன்றரை மைல். நான் அழுதேன், "அக்கா, அக்கா" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலில் இறக்கி விட்டுவிட்டு, சேலையைப் பிழிந்துகொண்டு போய்விட்டாள்.

புருஷனைக் கப்பலேற்றியவன் பெண்டாட்டியை அவள் தூக்கிக்கொண்டு வந்தாள். என் கார்டு என்ன நிறம் என்று தெரிந்திருந்தால் தூக்கியிருப்பாளா? எனக்கு அதுதான் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அவளிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வாசல்வரை போகிறேன்.

செல்லம்


குளுவாங், ஜொகூர்.
9.5.1971

செல்லம்,

சொல்லாதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், சொல்லாதே.

அவள் நல்லவள்தான். அவள் வாயிலிருந்து மணியம்மாவுக்குப் போகும், மணியம்மாவிடமிருந்து ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்களத்துக்குப் போகும், ஒரு வாரத்தில் கிராணி உன் கதவைத் தட்டுவார். உனக்கு அந்த நாட்டில் யார் இருக்கிறார்கள்? உன் அப்பா பிறந்த ஊரின் பெயர்கூட உனக்குத் தெரியாது. எந்தப் பஸ் ஏறுவாய்? யார் வீட்டு வாசலில் போய் நிற்பாய்?

கால் எப்படி இருக்கிறது? நடக்க முடிந்தால் கிளம்பி வந்துவிடு. கார்டு பார்ப்பார்களே என்று முன்பு எழுதினேன். இப்போது அதற்கும் துணிந்துவிட்டேன். தோட்டத்துக்கு வெளியே மலாய்க்காரர்கள் குடியிருக்கிற கம்பத்தை ஒட்டி ஒரு அறை பார்த்திருக்கிறேன். நீ வேலைக்குப் போக வேண்டாம், வெளியே வரவும் வேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிடலாம். மாதக் கடைசிச் சனிக்கிழமை ரிங்லெட்டிலிருந்து காய்கறி லோரியில் தாப்பா வரைக்கும் வந்துவிடு, அங்கே நான் வந்து நிற்கிறேன்.

இங்கே என்னை 'ஸ்டோர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் பெயரை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பேசாவிட்டால் சோறு இறங்காதா என்று உனக்கு எழுதினேன், ஞாபகமிருக்கிறதா? இறங்குகிறது. ஆனால் நேற்று ஸ்டோரில் மூட்டைகளை எண்ணும்போது என் குரலை நானே கேட்டுத் திடுக்கிட்டேன். யாரோ உள்ளே நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

வந்துவிடு. யாரோடும் பேசாமல் நாம் இரண்டு பேரும் இருந்துகொள்ளலாம்.

நாகப்பன்


எட்டாங்கட்டைத் தோட்டம்,
ரிங்லெட்.
6.6.1971

மாமாவுக்கு,

நான் தாப்பாவுக்கு வரவில்லை என்பதை லோரி நிற்கிற இடத்தில் நின்றே தெரிந்துகொண்டிருப்பீர்கள். வர நினைத்துத் துணியைக்கூட மூட்டை கட்டினேன். கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள் பாருங்கள், அதைப் படித்துவிட்டு மூட்டையை அவிழ்த்தேன். இங்கே அதைத்தானே ஆறு மாதமாகச் செய்கிறேன்.

இன்று காலையில் மாரியம்மா அக்கா என் வாசலுக்கு வந்தாள். கையில் இந்தியா தபால்தலை ஒட்டின கடிதம். நீங்கள் போன பிறகு அண்ணன் கடிதமெல்லாம் ரிங்லெட்டில் அமிர்தலிங்கம் கடைக்குப் போய்த்தான் படிக்கச் சொல்லிக் கேட்கிறாள், எனக்குத் தெரியும். அவள் பிள்ளைகள் சின்னதுகள், லயத்தில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், என்னிடம் ஒரு நாளும் கொண்டுவந்ததில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தாள். "படி" என்றாள். நீங்கள் போன பிறகு இந்த லயத்தில் என் முகத்தைப் பார்த்து ஒருவர் சொன்ன முதல் வார்த்தை அது. எனக்குக் கண் நிறைந்து எழுத்தே தெரியவில்லை, முந்தானையால் துடைத்துக்கொண்டு படித்தேன்.

அண்ணனுக்கு அங்கே யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சித்தப்பா வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் படுக்கை. வெயிலில் உடம்பெல்லாம் கொப்புளம். அவர் பேசினால் பிள்ளைகள் சிரிக்கிறார்களாம், 'மலேயாக்காரன்' என்றுதான் கூப்பிடுகிறார்களாம். அதனால் பேச்சைக் குறைத்துக்கொண்டாராம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் நிறுத்தாதே என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே நான்கு வரி இருந்தது.

"செல்லமும் நானும் ஒரே நாளில், ஒரே வரிசையில் நின்று சிவப்புக் கார்டு எடுத்தவர்கள். கல்யாணத்துக்குப் பிறகு அது நீலமாக மாறிவிட்டது என்றார்கள். எப்படி மாறியது என்று அவளிடம் கேட்டுப் பார். ஏதாவது வழி இருந்தால் அதே வழியில் எனக்கும் முயற்சி செய்யலாம்."

அவர் என்மேல் சந்தேகப்பட்டு எழுதவில்லை, மாமா. வழி இருக்கிறதா என்று நம்பிக்கையோடு கேட்டிருக்கிறார். அதைப் பார்த்தேன். என் கண் அந்த நான்கு வரியையும் தாண்டிக் கீழே போய்விட்டது. "எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும், இப்படிக்கு ராமையா" என்று வாய் படித்துவிட்டது. புது லிஸ்ட் எழுத உங்களுக்குக் கால்மணி நேரம் ஆயிற்று. எனக்கு ஒரு மூச்சுக்கூட ஆகவில்லை.

"முடிஞ்சிருச்சா?" என்றாள் அக்கா.

"முடிஞ்சிருச்சுக்கா."

"இன்னொரு வாட்டி படி."

படித்தேன். இந்தத் தடவை தெரிந்தே விட்டேன்.

அக்கா கையை நீட்டிக் கடிதத்தை வாங்கிக்கொண்டாள். "அமிர்தலிங்கம் மொதலாளி நேத்தே படிச்சுச் சொல்லிட்டாரு. பிள்ளைங்க படிப்புக்கும் எல்லாரையும் கேட்டதுக்கும் நடுவுல இன்னும் கொஞ்சம் இருந்துச்சு. அத நீ உன் வாயால படிக்கிறியான்னு பாக்கத்தான் வந்தேன். படிச்சிருந்தியன்னா, எல்லாம் உன் புருஷன் வேல, உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நம்பியிருப்பேன்" என்றாள். எழுந்து போய்விட்டாள். குரலை உயர்த்தவே இல்லை.

மத்தியானம்வரை அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன். இத்தனை மாதமும் உங்களைத்தான் மனதுக்குள் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். நான் வேறு, நீங்கள் வேறு என்று. அந்த நான்கு வரியைத் தாண்டினபோது உங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டேன். எனக்கு வந்த பயம் கிராணியை நினைத்து இல்லை. இன்னும் ஒரு வருஷம் இப்படியே இருந்தால் நான் யாரையெல்லாம் தாண்டிப் போவேன் என்று நினைத்துத்தான் பயந்தேன்.

எழுந்து அக்கா வீட்டு வாசலுக்குப் போனேன். மத்தியானச் சமையல் நேரம், எல்லாக் கதவும் திறந்திருந்தது. அண்ணன் எழுதின நான்கு வரியையும் வாய்விட்டுச் சொன்னேன், இரண்டு தடவை படித்ததால் மனப்பாடம். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். என் கார்டு சிவப்பு. லிஸ்டில் பன்னிரண்டாவதாக என் பெயர் இருந்தது. என் வீட்டுக்காரர் அதை எடுத்துவிட்டு மற்றதைக் கொடுத்தார். மார்ச் மாதத்திலிருந்து எனக்குத் தெரியும், தெரிந்தும் சொல்லவில்லை. நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். ஒவ்வொரு கதவிலும் ஆள் வந்து நின்றது. மணியம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அக்கா வாசற்படிக்கு வந்தாள். "அவருக்கு எழுது. வழி ஒண்ணும் இல்லன்னு எழுது. நீ எப்படித் தப்பிச்சேன்னு எழுது. அந்த மனுசன் வழி இருக்கு, வழி இருக்குன்னு நெனச்சுக்கிட்டு அங்க கெடக்கக் கூடாது."

அக்காவின் வாசற்படியிலேயே உட்கார்ந்து எழுதினேன். அண்ணே, வழி எதுவும் இல்லை, என் கார்டு மாறவே இல்லை, உங்களைக் கொடுத்துத்தான் என்னை வைத்துக்கொண்டார்கள் என்று எழுதினேன். எழுதினதை அக்கா வாங்கிக்கொண்டாள். நான் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேனா என்று அமிர்தலிங்கம் கடையில் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் தபாலில் போடுவாளாம். என்னை நம்பவில்லை. நம்பச் சொல்லிக் கேட்க எனக்கும் வாயில்லை. அந்தக் கடையில் நாளைக்கு எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள், கிராணி காப்பி குடிக்க வருகிற நேரமாக இருக்குமா, எனக்குத் தெரியாது. பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை, நேற்றைவிடக் கூடுதலாக இருக்கிறது. ஆனால் சாயங்காலம் குழாயடிக்குப் போனேன், பேச்சு நிற்கவில்லை. என்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள். என் முகத்தைப் பார்த்து, என் பெயரைச் சொல்லித் திட்டினார்கள். குடம் நிறைந்து வழிந்தும் நான் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்தக் கடிதத்தையும் அக்காவிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் ஒட்டுகிறேன். இனிமேல் நீங்கள் எழுதுகிற கடிதம் எதையும் நான் தனியாகப் பிரிக்க மாட்டேன். அக்கா வாசலில் வைத்துப் பிரித்து, ஒரு வரி விடாமல் சத்தமாகப் படிப்பேன். அக்கா கேட்டது அது ஒன்றுதான், நான் சரி என்று சொல்லிவிட்டேன். ஆள் போன வீடுகளிலிருந்து எல்லோரும் வந்து நின்று கேட்பார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். எழுத ஒன்றும் இல்லையென்றால் எழுதாமல் இருங்கள், அதையும் அவர்களிடம் சொல்லிவிடுகிறேன்.

செல்லம்